துண்டுக்குள் ஒரு ஸ்பிட்ஃபயர்

டக்ளஸின் காருக்கு விலை முப்பதாயிரம் ரூபாய். சொன்னது வேறு யாருமில்லை, டக்ளஸேதான்.

இன்சூரன்ஸ் ஏஜென்ட் மங்கையர்க்கரசிக்கு அதைக் கேட்டதுமே மூக்கில் வியர்த்துவிட்டது. பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவரின் மகள் அவள். சொந்த மாட்டை நொள்ளை என்று சொல்கிற ஆளை அவள் சந்தையில் கண்டதே இல்லை; கடன்காரன் பக்கத்தில் நின்றால் ஒருவேளை சொல்வான். புனே ஹடப்சரில் அவளிடம் பாலிசி போட வருகிறவர்கள் எல்லாருக்கும் வண்டியின் மதிப்பு மேலே ஏறவேண்டும், பிரீமியம் கீழே இறங்கவேண்டும். இந்த மனிதர் இரண்டையும் கீழே பிடித்து அழுத்தினார்.

டக்ளஸ் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். திருநெல்வேலிக் குடும்பம், தாத்தா காலத்திலேயே புனேக்கு வந்து காம்ப் பகுதியில் வேர்விட்டது. மனைவி பாக்கியவதி போனபிறகு பழைய ஓட்டு வீட்டில் அவரும் காரும்தான். இதுவரை சட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச இன்சூரன்ஸை மட்டும் கட்டிவந்தார். போன மழையில் பக்கத்து வீட்டுக் காரின் மேல் குல்மோகர் மரம் சாய்ந்து அதை அப்பளமாக்கியதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. முழு இன்சூரன்ஸ் வேண்டும், வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மதிப்பைக் குறைவாகப் போட்டால் போதும் என்று போனில் சொன்னார்.

கம்பெனியின் கணினிக்கு ஸ்டாண்டர்ட் என்றால் யாரென்றே தெரியவில்லை. சீமையில் ட்ரையம்ஃப் என்று பெயர் வைத்த காரைத்தான் மெட்ராசில் ஸ்டாண்டர்ட் என்று செய்தார்கள் என்பது மங்கைக்கு நினைவு வந்தது. ட்ரையம்ஃப் என்று அடித்தாள். வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. அலுத்துப்போய், சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரிலேயே பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

டக்ளஸ் தார்ப்பாயை விலக்கியதும் மங்கை வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். பொள்ளாச்சி டாக்டர் ஒருவரின் ஹெரால்டில் அவள் சின்ன வயதில் ஏறியிருக்கிறாள். அதற்குக் கூரை இருந்தது, பின்சீட்டு இருந்தது. இது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நீண்ட மூக்கு, சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. ஆர்சி புத்தகத்தில் நாலு பேர் என்றிருந்தது.

மிச்சம் இரண்டு பேர் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டாள்.

"பேப்பர்லதான்" என்றார் டக்ளஸ், சிரிக்காமல்.

அப்புறம் மெதுவாக உண்மை வந்தது. அது ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். ஊரைவிட்டுப் போன ஒரு பார்சிக்காரரிடம் வாங்கியது. பெயர் மாற்றப் போனபோது குமாஸ்தா எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தார். ஹெரால்டு எஞ்சினின் சாயல் தெரிந்தது, ஹெரால்டு என்றே எழுதிவிட்டார். அன்றைக்குத் திருத்தாதது சோம்பல். பிற்பாடு திருத்தாதது காரியமாகத்தான். மகன் கார்ல் மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். விற்கிறதையெல்லாம் விற்றுவிட்டுத் தன் பதினோராவது மாடி வீட்டுக்கு வரச்சொல்லி மூன்று வருஷமாக நச்சரிக்கிறான்.

"ஹெரால்ட எவன் வாங்குவாம்னு இத மட்டும் விட்டு வச்சிருக்கான். அசல் பேரு தெரிஞ்சா மறுநாளே போட்டோ புடிச்சு விலைக்குப் போட்டுருவான். நீ ஹெரால்டுன்னே எழுதிரும்மா, அது போதும்."

"அது ஆகாதுங்க அங்கிள். பேரு மாறியிருந்தா மரம் விழுந்த அன்னிக்குக் கம்பெனிக்காரன் இந்த ரெண்டு சீட்டப் பாத்துட்டுக் கையக் கழுவிட்டுப் போயிருவான். நீங்க பிரீமியம் கட்டுனது கோயில் உண்டியல்ல போட்ட மாதிரிதான்."

முதலில் ஆர்சியைத் திருத்தவேண்டும், பிறகு இரு தரப்பும் பேசி ஒரு மதிப்பை ஒப்புக்கொள்ளவேண்டும், அந்தத் தொகை பாலிசியிலேயே அச்சாகும் என்று விளக்கினாள். அச்சாகும் என்ற சொல்லில், மகன் படித்துவிடுவானே என்று அவர் முகம் வாடியது.

கதவில் சாய்ந்துகொண்டு அவர் வேறு எதையோ பேச ஆரம்பித்தார். ஸ்வார்கேட்டைத் தாண்டினால் இருட்டும் வயலுமாக இருந்த பூனா. பாக்கியவதி தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு காத்ரஜ் மலையில் ஏறியது. பாணேர் அப்போது கிராமம். அங்கே வண்டியை நிறுத்திக் கொய்யா வாங்கியது. பையன் இரண்டு இருக்கைக்கும் நடுவில் மேட்டின்மேல் உட்காருவான். ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் அவன் முழங்காலில் இடிக்கும். அப்பா ஒவ்வொரு தடவையும் சாரி சொல்வார். லோனாவ்ளா போய்ச் சேருவதற்குள் நூறு சாரியாவது ஆகிவிடும்.

அந்தப் பையன், இப்போது நாற்பத்தாறு வயது, கையில் சாப்பாட்டுக் கேரியருடன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியவில்லை. கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தட்டினான். ஸ்பிட்ஃபயர் என்றால் பன்னிரண்டு லட்சத்துக்குக் குறையாது என்று நிதானமாக வாசித்தான்.

டக்ளஸ் காரைத் துடைக்கிற துண்டைப் பிசைந்துகொண்டு நின்றார். மங்கை அதை வாங்கித் தன் கையின்மேல் விரித்துக்கொண்டாள். பொள்ளாச்சியில் நாலு பேர் நடுவில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள், துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள், யாருக்கும் மரியாதை கெடாது என்றாள். முதலில் டக்ளஸ் துண்டுக்குள் கையை நுழைத்தார். எத்தனை விரலைத் தொடப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விற்கிற மனசில்லாதவன் பிடி அப்படித்தான் இருக்கும்.

என்ன சொன்னார் என்று கார்ல் கேட்டான்.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்லீங்க. நீங்களும் கையக் குடுங்க."

பன்னிரண்டு லட்சத்தைப் படித்தவன் கை என்ன சொல்லும் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள். அந்தக் கை சும்மா கிடந்தது. பிறகு அவள் சுண்டுவிரலை மட்டும் பிடித்தது. ஒன்று என்றால் என்ன ஒன்று என்று கேட்டாள்.

கார்ல் கியர் கம்பியைப் பார்த்துக்கொண்டே, தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னான். "ஒரு சண்டே. மாசத்துல ஒண்ணு. டாடி ஒரு தடவகூட எனக்குச் சாவி குடுத்ததில்ல."

டக்ளஸ் மங்கையைப் பார்த்து, மகனுக்குக் கேட்கும்படி, "கிளட்ச எரிச்சிருவான்" என்றார். எரிந்த கிளட்சுக்கு எந்தப் பாலிசியிலும் பணம் வராது என்று அவள் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

அதற்குப்பிறகு நடந்தது சுத்தமான பேரம். கேரியரில் சாப்பாடு ஆறிப்போனது. மங்கை இரண்டு பக்கமும் ஓடினாள்; மாட்டுச் சந்தையாக இருந்திருந்தால் இரண்டு பக்கமும் தரகு வாங்கியிருப்பாள்.

முடிவில் கணக்கு இப்படி நின்றது. வண்டியின் பெயர் ஸ்பிட்ஃபயர், மதிப்பு பன்னிரண்டு லட்சம், விற்பனைக்கு இல்லை. ஆர்சியைத் திருத்தும் அலைச்சல் கார்லுக்கு, பெட்ரோல் டக்ளஸுக்கு, பிரீமியம் ஆளுக்குப் பாதி. மாதத்தில் மூன்று ஞாயிறு அப்பாவுக்கு, ஒன்று மகனுக்கு. ஐந்து ஞாயிறு வருகிற மாதத்தில் அந்த ஐந்தாவது யாருக்கு என்பதில் மட்டும் இரண்டு பேருமே இறங்கிவரவில்லை. அது பாக்கி.