நாலு வரிக் கோரஸ்

சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிசாக, கறுப்பாக, ஒற்றைக் குமிழோடு ஒரு பெட்டி வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வாங்கியவர் அந்த வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். பெண்டாட்டியிடம் மூச்சுவிடாமல் வாங்கிவிட்டார். வாங்கினவர் அவள் வீடு திரும்பும் நேரத்தையும் பார்த்திருக்கலாம். லேப்டாப்புக்கு ஒரு வயர், ஹெட்போனுக்கு ஒரு வயர் என்று சொருகிக்கொண்டிருக்கும்போது கையும் களவுமாக மாட்டிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"டாக்."

"அப்படின்னா?"

மெக்கானிக் விளக்கினார். கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாகக் கிடக்கிறது. அதைக் காதுக்கு ஏற்ற ஒலியாக மாற்றித்தர ஒரு ஆள் வேண்டும். லேப்டாப்புக்குள் அந்த வேலையைப் பார்க்கிறவன் ஒரு மூலையில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, கரண்ட் இரைச்சலுக்கு நடுவில் ஏனோதானோவென்று செய்கிறான். இந்தப் பெட்டிக்கோ அது ஒன்றுதான் வேலை. சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் தலைக்கேறியது.

"சரி, இப்ப புதுசா என்ன கேக்குது?"

"காத்து கேக்குது. பாடறவங்களைச் சுத்தி இருக்கிற காத்து."

"ஏன், இத்தனை நாள் அவங்க காத்தில்லாத இடத்துலயா பாடினாங்க?"

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் தேதி பார்க்கிற கை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரன் எத்தனை நாள் தந்திருக்கிறான் என்று கேட்டாள். ஏழு நாள்.

"அப்ப ஏழு நாள்தான். அதுக்குள்ள உங்களைத் தவிர இன்னொரு ஆள் வித்தியாசம் தெரியுதுன்னு சொல்லணும். இல்லைன்னா ஞாயித்துக்கிழமை இது வந்த வழியே போகுது." அட்டைப்பெட்டியை மூலை மடங்காமல் எடுத்து பீரோ மேல் வைத்தாள். போகிற போக்கில் தானும் ஹெட்போனை மாட்டி, பெட்டியோடு ஒரு தடவை, பெட்டியில்லாமல் ஒரு தடவை கேட்டு, "ரெண்டும் பாட்டுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மிச்சம் இருந்தது மாமியார். மனைவியின் அம்மா, இவர்களோடுதான் இருக்கிறார். மெக்கானிக்குக்குக் கொஞ்சம்கூடக் கவலையில்லை. மாமியாரை வளைக்கத் தூண்டில் கையில் இருந்தது. அந்தத் தூண்டில் ஒரு பழைய சினிமாப் பாட்டு. ரயிலில் கதாநாயகி பாடுவாள், திரையில் தெரியாமல் பின்னணியில் மூன்று பெண்கள் நாலு வரி கோரஸ் பாடுவார்கள். "அந்த மூணு பேர்ல மைக் முன்னாடி நடுவுல நின்னு பாடினது நான்" என்று மாமியார் நாற்பது வருஷமாகச் சொல்லிவருகிறார். மீட்டர் பார்க்க வருகிறவரிடம் சொல்லியிருக்கிறார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே சொல்லியிருக்கிறார். யாரும் மறுத்ததில்லை, யாருக்கும் கேட்டதுமில்லை. ரேடியோவோ டி.வி.யோ, எதில் கேட்டாலும் அந்தக் கோரஸ் ஒரே களிமண் உருண்டையாகத்தான் காதில் விழும். இப்போது இசைக் கம்பெனி மூல டேப்பைச் சுத்தம் பண்ணிப் புதிதாக வெளியிட்டிருக்கிறது. லிஃப்டின் இரும்பில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் காதைக் கொடுத்தால் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற மனுஷனுக்கு மூன்று குரலைப் பிரிப்பது பெரிய காரியமா?

"அத்தை, வாங்க, உங்க குரலைத் தனியாக் காட்டறேன்."

முதல் நாள், தலைக்குக் குளித்த ஈரம் காயவில்லை என்றார் மாமியார். இரண்டாம் நாள் காது அடைப்பு. மூன்றாம் நாள் மூக்குக்கண்ணாடிமேல் ஹெட்போன் அழுத்துகிறதாம். நாலாம் நாள் ஃபிரிட்ஜைச் சுத்தம் பண்ணியே ஆகவேண்டும் என்று திடீரென்று தோன்றிவிட்டது. பேச்சுக்குப் பேச்சு அந்தப் பாட்டை இழுக்கிறவர், இந்த நாலு நாளாக அதன் பேரையே எடுக்கவில்லை. சத்தம் போடுகிற லிஃப்டைவிட சத்தத்தை நிறுத்திய லிஃப்டுக்குத்தான் மெக்கானிக் பயப்படுவார். அவருக்கு உள்ளுக்குள் உறுத்தியது.

ஐந்தாம் நாள், மனைவி கடைக்குப் போனபின், மாமியாரே பேச்சைத் தொடங்கினார். சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்தப் பெட்டியில எல்லாம் தெரிஞ்சிடுமா?"

"அநேகமாத் தெரியும் அத்தை."

"அதான் வேண்டாங்கறேன்."

பீன்ஸைப் பார்த்தபடியே சொன்னார். அந்தப் பாட்டை அன்றைக்கு இரண்டு தடவை பதிவு பண்ணினார்கள். முதல் தடவை அவரும் பாடினார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ரெக்கார்டிங்காரர், "நடுவுல நிக்கிற பொண்ணு குரல் தனியாத் துருத்திக்கிட்டு நிக்குது" என்றார். வெளியே அனுப்பினால் அழுதுவிடுவாள் என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டாவது தடவைக்கும் அங்கேயே நிற்கச் சொன்னார்கள். "நீ வாயை மட்டும் அசைம்மா, போதும்."

"ரெண்டுல எதைப் போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் கேட்கலை. முதலாவதாத்தான் இருக்கும்னு நானே வச்சுக்கிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போச்சு. என் பொண்ணுகிட்டகூட இதைச் சொன்னதில்லை." கத்தியைக் கீழே வைத்தார். "நீங்க கேட்டுட்டுச் சொல்லுங்க. ஆனா பொய் மட்டும் வேண்டாம். உங்களுக்குப் பொய் வராது, மூஞ்சி காட்டிக்கொடுத்துடும்."

ஏன்டா இந்தப் பெட்டியை வாங்கினோம் என்று மெக்கானிக்குக்கு அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

சனிக்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். குமிழைத் திருகிக் கண்ணை மூடினார். ரயில் வந்தது, கதாநாயகி வந்தாள், கோரஸ் வந்தது. இடது பக்கம் மெல்லிசான ஒரு குரல். வலது பக்கம் லேசாகக் கரகரத்த ஒரு குரல். நடுவில் யாரும் இல்லை.

மறுபடியும் கேட்டார். ஒன்பது தடவை கேட்டார். களிமண் உருண்டையாக இருந்தவரைக்கும் அதற்குள் மூன்று பேர் இருக்க இடம் இருந்தது. இப்போது இரண்டு பேர்தான், தெள்ளத் தெளிவாக. பொய் சொல்லிப் பார்க்கலாமா என்று அலமாரிக் கண்ணாடி முன் நின்று, "கேக்குது அத்தை" என்று ஒத்திகைகூடப் பார்த்தார். மாமியார் சொன்னது சரிதான், மூஞ்சி சகிக்கவில்லை.

பத்தாவது தடவை கோரஸைக் கேட்கவில்லை, கோரஸுக்குச் சற்று முன்னால் இருந்த இடைவெளியைக் கேட்டார். லேப்டாப்பில் நேராகச் சொருகினால் அந்த இடத்தில் கிர்ரென்று ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அது இல்லை. சுத்தமான அமைதி. அந்த அமைதியில் ஒரு மூச்சு. இடது பக்கக்காரியும் வலது பக்கக்காரியும் பாட்டை எடுப்பதற்கு ஒரு நொடி முன்பாக, நடுவில், பாதியில் ஒருமுறை தடுக்கிப் பிறகு முழுசாக உள்ளே போகிற மூச்சு.

அது யார் மூச்சு என்று மெக்கானிக்குக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மாடிப்படி ஏறி முடிக்கும்போதும், சூடான காப்பியை ஊதுவதற்கு முன்பும், மாப்பிள்ளை ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பும் தினமும் கேட்கிற மூச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்தார். பெட்டி திரும்பிப் போகிறதா இல்லையா என்று பார்க்க மனைவி வந்து நின்றாள்.

"அத்தை, உங்க குரல் அதுல இல்லை."

மாமியார் தலையை ஆட்டினார். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"என்ன உளர்றீங்க?" என்றாள் மனைவி. "நாற்பது வருஷமா அம்மா..."

"அவரைத் திட்டாதடி. என்னை வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க. நான்தான் உங்கிட்ட மறைச்சேன்."

மனைவி அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"குரல்தான் இல்லைன்னேன். நீங்க இருக்கீங்க" என்றார் மெக்கானிக். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு ஹெட்போனை மாட்டிவிட்டார். "வரியைக் கேக்காதீங்க. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி கேளுங்க."

முதல் வரிக்கு முன்னால் மாமியாருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவதற்கு முன்னால் அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று. மூன்றாவதற்கு, ஹெட்போனுக்குள் இருந்த பெண்ணோடு சேர்ந்து அவரும் மூச்சை இழுத்தார். அதே தடுக்கல். பக்கத்தில் நின்ற மகளுக்கு அது கேட்டது. அவளுக்கும் விளங்கிவிட்டது.

"நாலு வரிக்கும் முழு மூச்சு இழுத்திருக்கேன் பாருங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். கண் நிறைந்து வழிந்தது. "பாடக்கூடாதுன்னு சொன்ன பாட்டுக்கு!" துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போட்டார். கோரஸ் வரும் இடம் வந்ததும் மாமியார் மூச்சிழுத்துப் பாடத் தொடங்கினார். காதை மூடியிருந்ததால் எவ்வளவு உரக்கப் பாடுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ரயில், கதாநாயகி, இடது வலது பெண்கள் எல்லாம் ஹெட்போனுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். வீட்டில் கேட்டது அவர் குரல் ஒன்றுதான், தனியாக, துருத்திக்கொண்டு. எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

மனைவி ஸ்டூலில் ஏறி பீரோ மேலிருந்த அட்டைப்பெட்டியை எடுத்தாள். சத்தம் வராமல் தட்டையாக மடித்துப் பழைய பேப்பரோடு சேர்த்து வைத்தாள். நாலு வரியும் முடியும்வரை யாரும் அவரை மெதுவாகப் பாடச் சொல்லவில்லை.