ஏரி நடுவில் ஒரு பெஞ்சு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் புதுப் பெண் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு பேசியபோது, தன்னிடம்தான் பேசுகிறாள் என்று முதலாளியின் மச்சானுக்கு உடனே விளங்கவில்லை. அந்த ஆபீசில் வேலை விஷயமாக அவரிடம் யாரும் வாயைத் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

“உங்க லேயர் ரொம்ப உபயோகமா இருந்துச்சு சார்,” என்றாள் அவள். “எங்கம்மாவுக்கு முட்டி வலி. பஸ் ஸ்டாப்புலேருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எங்கெங்க உக்காரலாம்னு அதுல பாத்துத்தான் கூட்டிட்டுப் போனேன்.”

அவருக்குக் காது சிவந்துவிட்டது. மருந்துக்கடை வாசல் பெஞ்சுக்கு முதுகுச் சாய்வு கிடையாது, அடுத்த தடவை அம்மாவைத் தபாலாபீஸ் சுவரோரம் இருப்பதில் உட்கார வையுங்கள் என்று எப்படியோ சொல்லி முடித்தார். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அங்கே நகரத்தின் வரைபடத்தை ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் அவரவர் கணினியில் வரைந்துகொண்டிருந்தார்கள். சாலைக்கு ஒரு லேயர், சாக்கடைக்கு ஒன்று, மின்கம்பத்துக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று, கண்ணாடித் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த மாதிரி. ஒருவர் வரைவது அப்போதே எல்லார் திரையிலும் தெரியும். ஆளுக்கொரு நிறத்தில் அம்புக்குறி ஊர்ந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு லேயரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் உண்டு. அதைத் தட்டினால் கண் மூடிக்கொள்ளும். தட்டியவர் திரையில் மட்டும் அந்த லேயர் மறைந்துவிடும். வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதை மறைத்து வைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இடைஞ்சலாக இருந்தது அவர்தான். தொழிற்சாலையை மூடியதில் வேலை போய், மனைவியும் போய், அக்கா வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தவர். அக்காவின் நச்சரிப்பு தாங்காமல் மாமா தன் ஆபீசில் சேர்த்துக்கொண்டார். வந்த புதிதில் சாலை லேயர் முழுவதையும் தெரியாமல் பிடித்து இழுத்து, ஊர்த் தெருக்களையெல்லாம் வீடுகளின் மேல் ஏற்றிவிட்டார். யாராவது கவனிப்பதற்குள் மற்றவர்கள் அதன் மேலேயே வரைந்தும் விட்டார்கள். எல்லார் வேலையும் பாழ். மறுநாள் மாமா அவர் தோளில் கை போட்டு, “மாப்ள, இனிமே உனக்குன்னு தனியா ஒரு லேயர். பெஞ்சு, குடிதண்ணிக் குழாய், கழிவறை, நிழல் மரம், எல்லாம் உன் பொறுப்பு. நகராட்சிகிட்ட மேப்பை ஒப்படைக்கும்போது அதுவும் சேந்து போகும்” என்றார். மற்ற லேயர்களையெல்லாம் அவர் தொட முடியாதபடி பூட்டினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லார் திரையிலும் அவருடைய லேயரின் கண் மூடிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தலைமை வரைவாளர் சொல்லித் தரும் முதல் பாடமே அதுதான். இந்தப் பெண் சேர்ந்தபோது தலைமை வரைவாளர் லீவில் இருந்தார்.

இப்படி எல்லாரும் கண்ணை மூடி வைத்தது மச்சானுக்குத் தெரியாது. காலை வெயிலில் தெருத் தெருவாக நடப்பார். ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்ப்பார். உட்கார்ந்து பார்க்காத ஒன்றைக்கூட அவர் வரைபடத்தில் வைத்ததில்லை. சாயங்காலம் வீடு திரும்பினால் அக்கா துணி மடித்துக்கொண்டே, “இன்னிக்கு என்னப்பா வச்ச?” என்று கேட்பாள். இவர் சொல்வார். “நல்லதுப்பா, வயசானவங்களுக்கு உபயோகமா இருக்கும்” என்பாள் அவள். அன்று புதுப் பெண் சொன்னதையும் சொன்னார். அதற்கும் நல்லதுப்பா என்றாள்.

தலைமை வரைவாளர் லீவு முடிந்து வந்தார். புதுப் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்று குனிந்து ஏதோ சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஒரு முறை மச்சானைப் பார்த்தாள், திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதுவரை அவருடைய புள்ளிகளின் மேல் தயங்கித் தயங்கிப் போய்க்கொண்டிருந்த அவளுடைய பச்சை அம்புக்குறி, அதன் பிறகு எதையும் லட்சியம் செய்யாமல் குறுக்கே பாய்ந்தது. பாவம், வேலை மும்முரம் என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டு நாள்தான் அப்படி நினைக்க முடிந்தது.

மூன்றாம் நாள் ஏரி நடுவில் ஒரு பெஞ்சு வைத்தார். இல்லாததை வைப்பது அதுதான் முதல் தடவை. எவனாவது கத்துவான், முட்டாளே என்று திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டு வாங்க அவ்வளவு ஆசைப்பட்டார். தலைமை வரைவாளரின் சிவப்பு அம்புக்குறி ஏரியைக் கடந்து போய்த் திரும்பியும் வந்தது. பிறகு ரயில் தண்டவாளத்தின் மேல் ஒரு குடிதண்ணீர்க் குழாய் வைத்தார். மாமாவின் படுக்கையறையில் ஒரு பொதுக் கழிவறை கட்டினார். ஒரு அம்புக்குறிகூட அந்த இடங்களில் நிற்கவில்லை.

அன்று டீ குடிக்கும் நேரத்தில் புதுப் பெண்ணின் மேஜைக்குப் போனார்.

“ஏரிப் பக்கம் இன்னிக்கு ஒண்ணு புதுசா வச்சேன். பாத்தீங்களாம்மா?”

அவள் நிமிரவில்லை. “பாத்தேன் சார். ரொம்ப நல்லா இருக்கு.”

அவர் தலையாட்டிவிட்டு இடத்துக்கு வந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை, தெரியாது என்றிருந்தாலும் பரவாயில்லை. இரண்டு வருஷ வெயிலும் ஒன்றாக மண்டைக்கு ஏறின மாதிரி இருந்தது. ஆனாலும் வீட்டில் அக்கா இருக்கிறாள் என்று ஒரு மூலையில் தோன்றியது.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இன்னிக்கு என்னப்பா வச்ச?”

“ஏரி நடுவுல ஒரு பெஞ்சுக்கா. தண்ணிக்குள்ள.”

அவள் ஒரு சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

“நல்லதுப்பா,” என்றாள். “வயசானவங்களுக்கு உபயோகமா இருக்கும்.”

மறுநாள் அவர் வழக்கமான நேரத்துக்கே ஆபீசுக்கு வந்தார். ஏரியைத் திறந்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மரம் வைத்தார். பெஞ்சின் விவரங்களை வழக்கம்போல நிரப்பினார். முதுகுச் சாய்வு: உண்டு. நிழல்: உண்டு. உட்காரக்கூடியவர்கள்: ஒருவர். அந்த நேரத்தில் பச்சை அம்புக்குறி கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கி, நேராக வந்து பெஞ்சின் மேல் நின்றது. மச்சான் மவுசிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கம் புதுப் பெண் இரண்டு கைகளாலும் டம்ளரைப் பிடித்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் அம்புக்குறி அங்கேயே இருந்தது.