ஏழாவது ஆள்

பன்னிரண்டாம் வகுப்பில் பொருளியல் எடுத்தவர்களை மற்ற பிரிவுக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். மார்க் வராதவர்கள் ஒதுங்குகிற இடம் என்று ஒரு நினைப்பு. அவள் அப்படி ஒதுங்கியவள் இல்லை, ஆசைப்பட்டு எடுத்தவள். தக்காளி விலை ஏறினால்கூட ஒரு வளைகோடு வரைந்து காட்டாமல் விடமாட்டாள். அதனால் அத்தை அவளுக்கு வைத்த பெயர் ‘புரொபசரம்மா’.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்மா இறந்த பிறகு அந்த வீட்டைத் தாங்கியவள் அத்தைதான். அப்பா லாரியோடு போனால் மாதத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டுவதோடு சரி. அத்தைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு நோட்டுப் புத்தகப் பட்டறையில் வேலை. மொத்தம் ஏழு பேர். தாளை மடித்து, அடுக்கி, பின் அடித்து, ஓரம் வெட்டி ஆறு பேர் முடித்துத் தள்ளுவதை அத்தை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். கிழிசலையும் கோணலையும் ஒதுக்கிவிட்டு மற்றதை டஜன் டஜனாகக் கட்டுவாள்.

பள்ளியில் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு செயல்திட்டம் கொடுத்தார்கள். ஒரு தொழிலிடத்தை நேரில் ஆராய்ந்து எழுதி, முதலாளியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வரவேண்டும். அத்தை முதலாளியிடம் நாலு தடவை கேட்டு அனுமதி வாங்கிக் கொடுத்தாள்.

மூன்று மாதம், சனிக்கிழமை தவறாமல், அவள் பட்டறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நாளுக்கு இரண்டாயிரத்து நானூறு நோட்டு. ஓர் ஆள் குறைந்தால் உற்பத்தி குறைய வேண்டும். குறையவில்லை என்றால் அந்த ஆள் உபரி, பாடத்தில் அதற்குப் பெயர் மறைமுக வேலையின்மை. ஆனால் பரிசோதனைக்காக யாரை வீட்டுக்கு அனுப்ப முடியும்? வருகைப் பதிவேட்டில் வழி கிடைத்தது. மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை லீவு போட்டுப் பக்கத்தில் இருந்தாள். அந்த மூன்று நாளும் பட்டறைக் கணக்கு அதே இரண்டாயிரத்து நானூறு. தன் காய்ச்சல்கூட வீணாகவில்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

‘பணியாளர் 7 விடுப்பில் இருந்த நாட்களில் உற்பத்தி குறையவில்லை. எனவே அவரது இறுதிநிலை உற்பத்தி, அதாவது அவரால் கூடும் உற்பத்தி, பூஜ்யம்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டாள். அந்த ஏழுக்கு ஒரு முகம் இருப்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. இப்படியும் ஒரு புத்திசாலி உண்டா என்று கேட்காதீர்கள். புத்திசாலிகளுக்குத்தான் இதெல்லாம் நடக்கும்.

ஒப்படைக்க மறுநாள்தான் கடைசித் தேதி. மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, முத்திரை வாங்க அத்தையே கொண்டுபோனாள். சாயங்காலம் முத்திரையோடு திரும்பி வந்தாள்.

“முதலாளி முழுசா படிச்சாரு. ஒரு நகல்கூட எடுத்து வச்சுக்கிட்டாரு,” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கு மழை விடுமுறை. காலை பதினொரு மணிக்கே அத்தை வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு டப்பா திறக்காமல் அப்படியே இருந்தது.

“ஆறு பேர் போதுமாம்,” என்றாள். அரிசி களைய உட்கார்ந்தாள்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். வாசலிலேயே பின் அடிக்கும் அக்கா மறித்துக்கொண்டாள்.

“எதுக்கு வந்தே?”

“என்னாலதான் அத்தைக்கு வேலை போச்சுக்கா. ஆனா கணக்கு சரியாத்தானே இருந்துச்சு? அந்த மூணு நாளும் நீங்க ஆறு பேர்தானே?”

அக்கா கையிலிருந்த தாள்கட்டைக் கீழே வைத்தாள்.

“ஆறு பேர்தான். மூணு நாளும் யாரும் மத்தியானம் சாப்பிடல. டீக்குக்கூட எழுந்திரிக்கல. உங்க அத்தை வேலையப் பங்கு போட்டுச் செஞ்சோம். குறைஞ்சா முதலாளி அவளக் கூப்பிடுவாரு, உன்ன ஆஸ்பத்திரில தனியா விட்டுட்டு அவ ஓடி வரணும். அதான்.”

“அத எங்கிட்ட யாருமே சொல்லலையே.”

“நீ கேக்கலையேம்மா. பதிவேட்டத்தானே பாத்தே.”

“இப்பவே போய் முதலாளிகிட்ட சொல்லிடறேன்.”

அக்கா அவள் கையைப் பிடித்தாள். “சொல்லாதே. சாப்பிடாம செஞ்சா இவ்வளவும் முடியும்னு அவருக்குத் தெரிஞ்சுதுன்னா, எங்க கதி என்ன?”

திரும்பி நடந்தவளை முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

“நல்லா எழுதியிருக்கே பாப்பா. இன்னும் ஒரு ஆள் குறைச்சா என்ன ஆகும்?”

“பாதியாக் குறைஞ்சிடும் சார். அளந்து பார்த்தேன்,” என்றாள். அவள் அளக்கவே இல்லை. அவர் நம்பித் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து அத்தையின் காலடியில் உட்கார்ந்து, அக்கா சொன்னதை எல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

“அவங்க சாப்பிடாதது எனக்குத் தெரியாதா?” என்றாள் அத்தை. “நாலாம் நாள் ஆறு பேருக்கும் நானேதான் சமைச்சு எடுத்துட்டுப் போனேன்.”

“அப்ப நான் எழுதினது?”

“முத்திரை வாங்கப் போறப்ப வழியில ஒரு கடை வாசல்ல நின்னு படிச்சேன். ஏழாவது ஆளு நான்தான்னு தெரிஞ்சுது. தப்புன்னும் தெரிஞ்சுது.”

“அப்பவே திரும்பி வந்திருக்கலாமே அத்தை.”

“மறுநாள் குடுக்கணும்னு சொன்னியே. மூணு மாசம் உக்காந்து எழுதினது. முதலாளி எங்க படிக்கப்போறாரு, முத்திரையக் குத்திக் குடுத்துடுவாருன்னு நெனச்சேன்.” அத்தை அவள் தலையைத் தடவினாள். “அத விடு. மார்க் போட்டாச்சா?”

இருபதுக்கு இருபது. வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டார்கள், சொல்லத்தான் மறந்துபோயிருந்தாள். இப்போது அதைச் சொல்லாமல் அத்தையின் புடவை ஓரத்தைத் திருகினாள். அத்தையோ, பதில் வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.