நான் போகாத பார்க்கிங்

எனக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை கல்லில் தோசையை ஊற்றிவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தபோது வந்த கோபம் தனி ரகம். ஏதோ ஒரு தனியார் பார்க்கிங் கம்பெனியிலிருந்து மெசேஜ். முந்தின நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வண்டி துபாயின் குசைஸ் ஏரியாவில் ஒரு கட்டடத்தின் பார்க்கிங்கில் நின்றதாம். காசு கட்டாமல் கிளம்பிப் போய்விட்டதாம். அதனால் அபராதமாம். வண்டி நம்பர் என்னுடையதேதான்.

அந்தக் கட்டடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை எங்கள் ஆபீஸ் அரை நாள்தான். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஏசியைப் போட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் கண் திறப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். வண்டி கீழே பேஸ்மென்ட்டில் நின்றது. இதற்கெல்லாம் எனக்கு இருக்கும் ஒரே சாட்சி என் தலையணை.

"ஏங்க, இந்தக் கூத்தைப் பாருங்க" என்று போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் பெயர் விஜயபாஸ்கர். துபாயில் ஒரு கட்டடக் கன்சல்டன்சியில் இன்ஜினியர். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அவரோ மெசேஜை இரண்டு தடவை படித்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீ எதுக்கு அங்க போன?" என்றார்.

"நான் எங்கங்க போனேன்?"

"குசைஸுக்கு. நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானம் நான் தூங்கிட்டிருந்தேன்."

"அப்ப வண்டி தானா எந்திரிச்சுப் போச்சா?"

தோசை கருகிப்போனது. நானும்தான்.

இந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த ஊரில் டிரைவிங் லைசென்ஸ் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எத்தனை தடவை ஃபெயில் ஆனேன் என்று நான் எண்ணுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. ரவுண்டானாவில் தயங்கினால் ஃபெயில். தயங்காமல் போனாலும் ஃபெயில். கடைசித் தடவை நான் டெஸ்ட்டுக்குக் கிளம்பும்போது இவர் பூஜை ரூமில் பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரியே வேண்டிக்கொண்டார். "இந்தத் தடவை அகிலா பாஸ் பண்ணிட்டா, புரட்டாசி முழுக்கக் கவுச்சி தொட மாட்டேன்."

ஆட்டுக்கறி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர். எனக்கே கண் கலங்கிவிட்டது. பாஸ் பண்ணினேன். அப்புறம் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "நான் வேண்டிக்கிட்டேன், இவளுக்கு லைசென்ஸ் கிடைச்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்து வியர்த்து வழிந்தது நான். பெயர் வாங்கினது அவர். போகட்டும், பாசம்தானே என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு செகண்ட் ஹாண்ட் வெள்ளை வண்டி வாங்கினோம். அதற்கு நம்பர் வாங்க அவர் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! அவர் வண்டி நம்பர் ஆறில் முடியும். யார் யாரையோ பிடித்து, மற்ற எண்களெல்லாம் அப்படியே இருக்க, கடைசியில் மட்டும் எட்டு வருகிற மாதிரி எனக்கு ஒரு நம்பரை வாங்கி வந்தார். ஜோடி நம்பராம். அவர் வண்டியும் வெள்ளைதான். இந்த ஊரில் பாதி வண்டி வெள்ளைதானே.

அந்த முதல் மெசேஜ் வருவதற்குச் சில நாள் முன்னால், ஆயுத பூஜை அன்று இரண்டு வண்டிக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். சந்தனத்தில் பன்னீர் கொஞ்சம் தாராளமாக விழுந்துவிட்டது. இருந்தாலும் நம்பர் பிளேட்டின் நாலு மூலையிலும் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். இரண்டே நாளில் என் வண்டியைக் கழுவ வைத்துவிட்டேன், எனக்குப் பிசுபிசுப்பு ஆகாது. இவர் மட்டும் வண்டி கழுவுகிற பையாவிடம், "பிளேட் மே ஹாத் மத் லகானா பாய்" என்று இந்தியில், பிளேட்டில் கையே வைக்கக் கூடாதென்று கறாராகச் சொல்லிவிட்டார். சாமிக்கு வைத்த பொட்டு தானாகத்தான் அழிய வேண்டுமாம்.

முதல் மெசேஜுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் தூங்கினேன். அடுத்த சனிக்கிழமையும் மெசேஜ் வந்தது. அதே கட்டடம், அதே மத்தியான நேரம். இந்தத் தடவை கீழே இரண்டு வரி கூடுதலாக இருந்தது. கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கை, வசூல் ஆட்கள் நேரில் வருவார்கள், வண்டி பறிமுதல் செய்யப்படும் என்று சிவப்பு எழுத்தில்.

"கட்டித் தொலைச்சிடலாம்" என்றார் விஜயபாஸ்கர்.

"எதுக்குக் கட்டணும்? கட்டினா நான் அங்க போனேன்னு ஆயிடும்."

"போனா போயிட்டுப் போகுது. என்ன இப்ப?"

"நான் போகலைங்கறேன்!"

"சரி, போகல. உனக்கு யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"எதைப் பத்தி?"

"இல்ல, சும்மா கேட்டேன்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "அங்க யாரையாவது பார்த்தியா?" என்றார்.

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் ஒரு கேள்விகூட இப்படிக் கேட்டதில்லை. கையில் கார் சாவி வந்ததும் பெண்டாட்டி எங்கே போகிறாள், யாரைப் பார்க்கிறாள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார் பாருங்கள். இதில் யோசனை வேறு சொன்னார். "பிரச்சினை முடியற வரைக்கும் வண்டியை எடுக்காம மெட்ரோல போயேன்." பாத்ரூமில் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது.

"அகிலா மேடமுங்களா? நான் சாதிக் பாட்ஷா பேசறேன், கலெக்‌ஷன் ஏஜென்சியிலேர்ந்து. உங்க பேரைப் பார்த்ததும் நம்ம ஊரு ஆளாச்சேன்னு உங்க கேஸை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"ரொம்ப உபகாரம்."

"கட்டலைன்னா வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க மேடம். வண்டியைத் தூக்கிடுவாங்க. அப்புறம் டிராவல் பேன் விழும். ஊருக்குப் போறப்ப ஏர்போர்ட்ல நிக்க வச்சிடுவாங்க. ஃபேமிலியா இருக்கறவங்க, எதுக்குங்க இந்த அசிங்கம்?"

டிராவல் பேன் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பயம்தான், பொய் சொல்வானேன். இங்கே இருக்கிற யாருக்கும் வரும். ஆனால் குரலில் காட்டிக்கொள்ளவில்லை.

"கோர்ட் ஆர்டர் இருக்காங்க?"

"அது... இன்னும் வரலைங்க. வந்துடும்."

"வரட்டும். வந்தா ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க, டீ போட்டு வைக்கறேன். அதுக்கு முன்னாடி என் வண்டி அங்க நின்ன போட்டோவை அனுப்புங்க."

"போட்டோ எல்லாம் கம்பெனி சிஸ்டத்துல இருக்கும் மேடம். நம்மகிட்ட மாஃபி, ஒண்ணும் இல்ல."

"போட்டோ மாஃபின்னா காசும் மாஃபி. கலாஸ், அவ்வளவுதான்!"

சாதிக் பாட்ஷா சிரித்துவிட்டார். "என் பொண்டாட்டியும் இப்படித்தாங்க பேசுவா. இருங்க, கேட்டுப் பார்க்கறேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே வாட்ஸப்பில் போட்டோ வந்துவிட்டது. முன்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு வெள்ளை வண்டி. அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நம்பர் பிளேட்டின் நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும். வலது மேல் மூலையில் மட்டும் பொட்டு நிற்காமல் ஒழுகி இறங்கியிருந்தது. அந்த ஒழுகல் கடைசி எண்ணின் மேல் விழுந்து, ஆறின் திறந்த வாயை அடைத்து, அதை எட்டாக்கி வைத்திருந்தது.

பன்னீர். என் பன்னீர்!

நான் கத்தவில்லை. நான் கத்தாமல் இருந்தால்தான் அவருக்குப் பயம் அதிகம். அவர் ஆபீஸிலிருந்து வந்து சோபாவில் உட்காரும்வரை காத்திருந்து போனை அவர் மடியில் வைத்தேன்.

"இது யார் வண்டிங்க?"

பார்த்தார். பிறகு மெதுவாக, "அப்ப நீ அங்க வரவே இல்லையா?" என்றார்.

"அதைத்தானே பத்து நாளா சொல்லிட்டு இருக்கேன்!"

அப்படியே சோபாவில் சரிந்துவிட்டார். நிம்மதியா, வெட்கமா என்று எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மந்தி என்கிற அரபுக் கறிச்சோறு போடுகிற ஹோட்டல் ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ப்ராஜெக்ட் மீட்டிங் என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஆபீஸ் ஆட்களோடு அங்கே போய், தாம்பாளம் மாதிரி தட்டில் சோற்றையும் அதன்மேல் ஆட்டுத்தொடையையும் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். புரட்டாசியில்! முதல் மெசேஜ் வந்தபிறகும் நாக்கு கேட்காமல் அடுத்த வாரமும் போயிருக்கிறார். சாப்பிடுகிறவர்களுக்குப் பார்க்கிங் இலவசம். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற டேப்லெட்டில் வண்டி நம்பரைத் தட்டினால் போதும். இவர் பொறுப்பாகத் தன் நம்பரைத் தட்டியிருக்கிறார். ஆனால் வாசலில் இருந்த கேமரா பார்த்தது என் நம்பரை. அதனால் அவர்கள் கணக்குப்படி இவர் வண்டி வரவே இல்லை, என் வண்டி காசு கட்டவில்லை.

"மெசேஜைப் பார்த்ததும் நீ என் பின்னாலேயே வந்து பார்த்துட்டேன்னு நெனச்சேன் அகிலா. பார்த்துட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி போனை நீட்டி என்னைச் சோதிக்கறேன்னு..."

"ஒரு ஆட்டுத்தொடைக்காக என்னை நடுவீட்டுல நிக்க வச்சு விசாரிச்சீங்களே, ஏங்க? நீங்க கறி தின்னுட்டுப் போங்க, எனக்கென்ன! யாரைப் பார்த்தேன்னு கேட்டீங்க பாருங்க, அதை நான் எங்க கொண்டு போய் வைக்கறது?"

அவர் எழுந்து வந்து என் எதிரில் நின்றார். "நான் உன்னைச் சந்தேகப்படல. சத்தியமா இல்ல. சொல்லப் பயமா இருந்துச்சு. அந்த வேண்டுதல்லதானே உனக்கு லைசென்ஸ் கிடைச்சுது. நான் அதை முறிச்சுட்டேன்னு தெரிஞ்சா நீ ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்னு..."

நான் அவரையே பார்த்தேன். நிஜமாகவே நம்புகிறார்! இத்தனை நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது பாசத்தில் விட்ட பீலா என்று நினைத்திருந்தேன். மனிதர் முழுசாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏங்க, அந்தப் பரீட்சையில பெருமாளா பேரலல் பார்க்கிங் போட்டாரு? நான் போட்டேன். நான் ஓட்டினேன், எனக்குக் கொடுத்தாங்க. அவ்வளவுதான்."

"ஆமா" என்றார் கடைசியில். அந்த ஒரு ஆமாவுக்காக நான் லைசென்ஸ் வாங்கின நாளிலிருந்து காத்திருந்தேன் என்பது அதைக் கேட்டபிறகுதான் எனக்கே தெரிந்தது.

இருந்தாலும் சும்மா விடுவேனா? சாதிக் பாட்ஷாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, இவர் கையில் கொடுத்தேன். "சொல்லுங்க" என்றேன்.

"ஸார், நான் அகிலாவோட ஹஸ்பண்ட் பேசறேன். அங்க வந்தது என் வண்டி. என் ஒய்ஃப் அங்க வரவே இல்ல. அவங்க முதல்லேர்ந்து உண்மையைத்தான் சொன்னாங்க. பிளேட்டுல பொட்டு ஒழுகி நம்பர் மாறித் தெரிஞ்சிருக்கு. ஹோட்டல்ல என் நம்பரைப் பதிஞ்சிருக்கேன், செக் பண்ணிப் பாருங்க."

"பொட்டா?" சாதிக் பாட்ஷா சிரிக்கிற சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. "ஸார், இந்த வேலையில நான் எத்தனையோ சாக்கு கேட்டிருக்கேன். இது புதுசுங்க. சரி, ஹோட்டல் ரெக்கார்டைப் பார்த்துட்டு கேன்சல் பண்ணச் சொல்றேன். நீங்க முதல்ல போயி அந்த பிளேட்டைத் தொடைங்க. போலீஸ் பார்த்தா அது வேற கேஸு. ஆமா, மந்தி எப்படி இருந்துச்சு?"

"சூப்பருங்க" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு இவர் என்னைப் பார்த்தார். நான் ஈரத்துணியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு பேஸ்மென்ட்டுக்குப் போனார்.

இரண்டு நாளில் கேன்சல் ஆனதாக மெசேஜ் வந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. அதை இவரிடம் வேண்டிய மட்டும் வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசி முடிந்து முதல் வெள்ளிக்கிழமை, ஆபீஸ் விட்டதும் நான் வீட்டுக்கு வந்து தூங்கவில்லை. நேராக இவர் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க" என்றேன். குசைஸ் வரைக்கும் ஒவ்வொரு சிக்னலிலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கறி நன்றாகத்தான் இருந்தது, வாயில் போட்டதும் கரைந்தது. இத்தனை நாள் எனக்கு ஒரு பார்சல்கூட வாங்கி வரவில்லையே என்று அங்கேயே ஒரு சண்டை போட்டேன்.

கிளம்பும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த டேப்லெட்டில் பழக்க தோஷத்தில் இவர் தன் நம்பரைத் தட்டப் போனார். "தள்ளுங்க" என்று சொல்லி, எட்டில் முடிகிற என் நம்பரை நானே தட்டினேன். அன்றைக்குத்தான் என் வண்டி முதல்முறையாக அந்தப் பார்க்கிங்குக்கு வந்திருந்தது.