வெந்துபோன சாறு

ஆய்வகத்தில் அவளுக்கு ‘அவசரம்’ என்று பெயர். வைத்தது ஆய்வகத்தை நடத்தும் அண்ணி. வீட்டில் நாத்தனாருக்குக் கிடைக்கிற மரியாதையில் கால்வாசிகூட இங்கே கிடையாது.

இரண்டே அறைகள். பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, அதிலிருந்து ஒரு என்சைமை எடுத்து, அதைக்கொண்டு அரிய சர்க்கரைப் பொருள் ஒன்றைச் செய்தார்கள். பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஒரு பிறவி நோயைக் கண்டுபிடிக்க அது வேண்டும். ஆனால் என்சைமை மற்ற புரதங்களிலிருந்து பிரிக்கும் வடிகட்டி யானை விலை. அதனால் சர்க்கரையும் யானை விலை. இந்த மாதமும் விலை இறங்காவிட்டால் பரிசோதனையையே நிறுத்திவிடப் போவதாக மருத்துவமனை டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவசரம் தன் பெயரைக் காப்பாற்றினாள். உறைந்திருந்த பாக்டீரியாச் சாற்றை உருக வைக்க வெதுவெதுப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து நீர்த்தொட்டியில் வைத்தாள். குடுவைகளை ஊறவைக்க அதே தொட்டியைக் காலையில் எழுபது டிகிரிக்கு ஏற்றியவளும் அவள்தான். திரும்பி வந்தபோது சாறு திரிந்த பாலாகக் கட்டிகட்டியாக நின்றது.

“அண்ணி, சூட்டைக் குறைக்க மறந்துட்டேன். மொத்தமும் போச்சு.”

அண்ணி திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“டெஸ்ட் பண்ணி எழுதிட்டுக் கொட்டு.” சோதிக்காமல் எதையும் கொட்டக்கூடாது என்பது அங்கே சட்டம்.

“பொணத்துக்கு நாடி பாக்கச் சொல்றீங்க.”

“பாரு. அதையும் எழுதணும்.”

இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினாள். கட்டிகள் அடியில் படிந்தன. மேலே தெளிந்து நின்ற நீரில் ஒரு சொட்டைச் சோதனைக் கரைசலில் விட்டாள். மஞ்சள் பளிச்சென்று ஏறியது. என்சைம் உயிரோடு இருந்தது.

அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“வெந்நீர் ஊத்துல வாழற கிருமியோட மரபணுவைச் சாதா பாக்டீரியாவுல வச்சு எடுக்கற என்சைம் இது. மத்த புரதமெல்லாம் வெந்து அடியில போயிடுச்சு, இது அசையல. என்சைம்னா குளிர்லதான் வைக்கணும்னு படிச்சோமா, ரெண்டு வருஷமா இதைப் பனிக்கட்டில பொத்திப் பொத்தி வச்சிருக்கோம்.”

“அப்ப வடிகட்டி?”

“வெந்நீர் போதும்.”

மூன்று முறை வேண்டுமென்றே வேகவைத்தார்கள். மூன்று முறையும் சர்க்கரை குறையில்லாமல் வந்தது. அண்ணி போனை அவளிடமே நீட்டினாள்.

டாக்டரம்மாவிடம் புது விலையைச் சொன்னாள். அவர் மெதுவாகக் கேட்டார்:

“நாப்பது பிள்ளைங்க ரத்தம் வச்சிருக்கேம்மா. கையில இருக்கற காசுக்குக் கடைசியா நாலு பேருக்குத்தான் கட்டும், யாருக்குப் பாக்கறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போட இருந்தேன். இனி வேண்டாமில்ல?”

“வேண்டாம். எல்லாருக்கும் பாருங்க,” என்றாள் அவசரம். சொல்லும்போதே அழுகை வந்தது. அவள் அதை அடக்கவில்லை.