பத்தாண்டு அனுபவமுள்ள கைகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு மீனிலிருந்து கிடைத்தது. கென்யாவில், கிசுமு நகரத்து ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கடை ஒன்றில், ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து பிய்த்துத் தின்னவேண்டிய பொரித்த மீனையும் ஒரு குன்று உகாலிக் களியையும் முன்னால் வைத்துக்கொண்டு அகேயோ தனியாக உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் தன் ஆட்களோடு வருகிறவள். பரிமாறும் பெண் வழக்கம்போல் கேட்காமலே வைத்துவிட்டுப் போயிருந்தாள். இவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன்.

"சட்டத்தில் ஜெயிக்கிறவர்கள் எல்லோரும்..." (இது கட்டுரை. நிறுத்திவிட்டேன்.)

"அகேயோவுக்கு யாருமே இல்லை." (பொய். மொம்பாசாவில் மகள் இருக்கிறாள்.)

"ஒரு டெண்டரில் ஒரு வரி இருந்தது." சரி, இதை வைத்துக்கொள்வோம்.

2

காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று சைகையைப் பேச்சாகவும் பேச்சைச் சைகையாகவும் மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்களை அனுப்புவதுதான் அகேயோவின் தொழில். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. நாக்குக்கு முன்பே கை பேசிய குழந்தை. (இந்த வரி கொஞ்சம் அலங்காரம். இருந்தாலும் உண்மை என்பதால் விடுகிறேன்.) என் மின்சாமான் கடைக்கு எதிர்ச்சாரியில், மாடியில், அவள் அலுவலகம்.

மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து டெண்டர் வந்தது. அதில் அந்த வரி: அனுப்பப்படும் ஒவ்வொருவரும் அரசு மருத்துவமனையில் பத்தாண்டு மொழிபெயர்த்த அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும்.

இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு வேலை வந்தே பத்து வருடம் ஆகவில்லை. தலைநகரில் மட்டும்தான் வெகு நாளாக இருக்கிறது. அங்கே இருக்கும் ஒரே ஒரு கம்பெனியால்தான் அந்த வாசலுக்குள் நுழைய முடியும்.

தேவைக்கு மிஞ்சி நிபந்தனை போட்டுக் கதவை அடைக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. தலைநகரிலுள்ள மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம். அகேயோ இதே தொழிலில் இருக்கும் ஒம்பிமாவைக் கூப்பிட்டாள்.

"சேர்ந்து போடுவோம் தம்பி. உன் ஆளுங்களும்தானே வெளிய நிக்கிறாங்க?"

"நியாயந்தான் அக்கா. ஆனா அரசாங்கத்தோட மல்லுக்கு நின்னவன்னு பேராயிட்டா, நாளைக்கு எவன் வேலை குடுப்பான்? நீங்க போடுங்க. நாங்க பின்னாடி நிக்கிறோம்."

"எவ்வளவு பின்னாடி?"

ஒம்பிமா சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தனியாகவே கையெழுத்துப் போட்டாள்.

3

இங்கே வாசகரிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வரியை எழுதிய அதிகாரி சிமியுவை முதல் வரைவில் லஞ்சம் வாங்குகிறவனாக எழுதியிருந்தேன். தங்க மோதிரம்கூடப் போட்டுவிட்டேன். கதை நன்றாகத்தான் ஓடியது. ஆனால் விசாரணையில் நடந்ததை அகேயோ சொன்னபிறகு மோதிரத்தைக் கழற்றிவிட்டேன்.

வாரியத்தின் முன் அவன் எழுந்து நின்று, எதையும் பார்த்துப் படிக்காமல் பேசினான்.

"எங்க ஆஸ்பத்திரில ஒரு சின்னப் பொண்ணு மொழிபெயர்த்தா. வேலைக்குப் புதுசு. ஆபரேஷனுக்குச் சம்மதமான்னு கேக்கச் சொன்னாங்க. அவ என்ன கேட்டாளோ, காது கேக்காத அந்தம்மா என்ன புரிஞ்சிக்கிட்டாங்களோ, தலையாட்டிட்டாங்க. கர்ப்பப்பையை எடுத்துட்டாங்கன்னு அப்புறந்தான் அவங்களுக்கே தெரியும். அந்தப் பொண்ணை வேலைக்கு எடுத்த ஃபைல்ல என் கையெழுத்து. இனிமே பழுத்த ஆள்தான் வேணும்னு நினைச்சேன். பத்துன்னு போட்டேன்."

அகேயோ எழுதி எடுத்துவந்த வாதம் பையிலேயே கிடந்தது. இவனைத் தோற்கடிக்கத்தான் பஸ் ஏறி வந்தோமா என்று இருந்தது அவளுக்கு. வழக்கு போட்ட நாளிலிருந்து சுகாதார அலுவலகத்தில் பழைய சிநேகிதர்கள்கூட அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. இத்தனை நாளில் அவளை நேராகப் பார்த்துப் பேசிய முதல் ஆள், எதிர்த்தரப்பு ஆளாக இருந்தான்.

"உங்க பயம் சரிங்க ஐயா," என்றாள். "எனக்கும் அதே பயந்தான். ஆனா அந்தப் பொண்ணுக்கு வருஷம் குறைஞ்சதால வந்த வினை இல்ல அது. அவ கை பேசறது எதிராளிக்குப் புரியுதான்னு யாரும் சோதிச்சே பாக்கல. பத்து வருஷம் தப்பாவே பேசினவங்களும் இருக்காங்க. எங்களைச் சோதிங்க. காது கேக்காத பொம்பளைங்க நாலு பேரை எதிர்ல உக்கார வைங்க. அவங்களுக்குப் புரிஞ்சா எடுத்துக்குங்க. புரியலன்னா அனுப்பிடுங்க."

வாரியம் அந்த வரியை அடித்துவிட்டது. புது டெண்டர் போடவேண்டும், நேரடிச் சோதனையோடு.

வெளியே படிக்கட்டில் சிமியு அவளைக் கடந்து போனான். ஏதோ சொல்ல வாயெடுத்து...

(அவன் என்ன சொல்லியிருப்பான் என்று ஒரு பக்கம் எழுதினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தை எடுத்துவிட்டேன்.)

4

புது டெண்டருக்கு ஒம்பிமாவும் விண்ணப்பித்தான். இரண்டு பேருடைய ஆட்களும் சோதனையில் தேறினார்கள். அவன் விலை குறைவு. வேலை அவனுக்குப் போனது.

அத்தனை ஆஸ்பத்திரிக்கு அவனிடம் ஆள் போதாது. அகேயோவின் ஆட்களைக் கூப்பிட்டான். ஒவ்வொருவராக வந்து, மேஜையோரம் நின்று, தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக வந்தவள் ஜெரூஷா. அகேயோ கைபிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களில் கெட்டிக்காரி.

"என்னைத் திட்டுங்கம்மா."

"எதுக்குத் திட்டணும்? உனக்கு வீட்டு வாடகை இல்லையா?"

"நீங்க வழக்குப் போடலன்னா எங்க யாருக்கும் இந்த வேலை இல்ல."

"தெரியும்."

"ஒம்பிமா சார் உங்களையும் கேக்கச் சொன்னார். பிரசவ வார்டுக்கு. திங்கக்கிழமை காலைலேர்ந்து."

"என்னையா? அவர்கிட்ட சம்பளத்துக்கா?"

"ஆமாம்மா."

அகேயோ எழுந்து இரண்டு கோப்பையை எடுத்து வைத்தாள். பிறகு, "டீ குடிச்சிட்டுப் போ," என்றாள். ஜெரூஷா குடித்துவிட்டுத்தான் போனாள். இரண்டு கோப்பையையும் அகேயோ கழுவிக் கவிழ்த்தாள். பிறகு அந்த வெள்ளிக்கிழமை, மீனுக்கு முன்னால் அவளை நான் தனியாகப் பார்த்த வெள்ளிக்கிழமை.

5

முடிவு ஒன்று எழுதினேன்: பிரசவ வார்டில் ஒரு பெண் அகேயோவின் கைகளைப் பார்த்து அழுகிறாள். நன்றாக இருந்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்று: அலுவலகத்தைப் பூட்டிவிட்டு மகளிடம் மொம்பாசாவுக்கு... (பாதியில் விட்டேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.)

ஆகவே நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை, என் கடை வாசலில் மோட்டார் சைக்கிள் டாக்ஸியை நிறுத்தி ஜெரூஷா இறங்கினாள். தெருவில் காதைப் பிளக்கும் இரைச்சல். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. எதிர்மாடியைப் பார்த்துக் கையாலேயே கேட்டாள்: வர்றீங்களா?

ஜன்னலில் அகேயோ வந்து நின்றாள். என் கடையில் வெயிலுக்கு இறக்கியிருந்த திரை அவள் கழுத்துக்கு மேலே மறைத்தது. கைகள் மட்டும் தெரிந்தன. இத்தனை வருடம் எதிரில் இருந்து பார்த்ததில் எனக்கும் நாலு வார்த்தை தெரியும். கைகள் "வருகிறேன்" என்றன. ஆனால் அவர்கள் மொழியில் "வரவில்லை" என்பதற்கும் கை இதையேதான் செய்யும். தலையசைப்புதான் வேறு.

ஜெரூஷா வண்டியில் ஏறிப் போய்விட்டாள். அவளை முன்னால் போகச் சொன்னாளா, போய்விடச் சொன்னாளா?

தெருவைத் தாண்டிப் போய்க் கேட்கலாம். எனக்குப் போகத் தோன்றவில்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.