நாற்பத்தோராம் கேள்வி

மதியம் ஒன்றேகால் ஆனதும் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, மேசைக்கு அடியிலிருந்த மடக்குக் கட்டில்களை விரித்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். சீனாவின் ஹாங்சோ நகரத்தில் இந்த ஒரு மணி நேரத் தூக்கத்தைத் தொட எந்த முதலாளிக்கும் தைரியம் கிடையாது. ஷென் யூபிங் மட்டும் கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்று மணிக்கு அவர்களுடைய புது ஏ.ஐ. மொழி மாடல் வெளியீடு. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கம்பெனி நான்கு மணிக்குத் தன்னுடையதை இறக்கப்போகிறது; அதன் சோதனைப் பதிப்பு போன வாரமே வெளியே வந்துவிட்டது. முந்திவிட வேண்டும் என்று மூன்று மாதமாக ஆளாளுக்குப் பேயாய் அலைந்தார்கள். இரண்டு மாடல்களையும் சோதித்து மதிப்பெண் போடுவது யூபிங்கின் வேலை. முந்நூறு கேள்விகளைத் தானே எழுதி, விடைத்தாளோடு பூட்டி வைத்திருந்தாள். இன்று காலைதான் முதன்முறையாக அவற்றை மாடல்களிடம் கேட்டாள். எதிராளிக்கு நூற்றுக்கு எண்பத்தொன்பது, இவர்களுக்குத் தொண்ணூற்றாறு. கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று.

சாப்பிட்டுவிட்டு வந்து சும்மா புரட்டும்போதுதான் நாற்பத்தோராம் கேள்வி கண்ணில் பட்டது. ஆறு பேர், இருவர் மட்டுமே ஏறக்கூடிய ஒரு படகு. எல்லோரும் அக்கரை சேர அது எத்தனை முறை ஆற்றைக் கடக்க வேண்டும்? ஒன்பது. அவளோ விடைத்தாளில் பதினொன்று என்று எழுதித் தொலைத்திருந்தாள். எதிராளியின் மாடல் ஒன்பது என்று சரியாகச் சொல்லி மதிப்பெண்ணை இழந்திருந்தது. தங்களுடையது பதினொன்று என்றது. பதறிப்போய்த் தேடினாள். இன்னும் இரண்டு இடத்தில் அவள் தவறியிருந்தாள், அங்கேயும் தங்கள் மாடல் அச்சுப் பிசகாமல் அவள் தவற்றையே சொல்லியிருந்தது. விடைத்தாளை யாரோ முன்கூட்டியே அதற்கு ஊட்டிவிட்டார்கள்.

நேராகக் குழுத் தலைவன் கூ ஜிங்தாவின் கட்டிலுக்குப் போனாள்.

"கூ அண்ணே, தூங்குற மாதிரி நடிக்காதீங்க. என் விடைத்தாளை மாடலுக்குக் குடுத்தது யாரு?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. "சின்ன ஷென், போய்ப் படு. மூணு மணிக்கு அறிக்கையில கையெழுத்தப் போடு."

"மாட்டேன். இது காப்பியடிச்ச மார்க்கு."

"அந்தக் கரையில இருக்கறவன் மட்டும் உத்தமனா? நாம தோத்தா இந்த ரூம்ல பாதிக் கட்டில் காலி. தெரியுமில்ல?"

"அதுக்கு என் பேரு எதுக்கு?"

இப்போது அவன் கண்ணைத் திறந்தான். "பூட்டத் திறந்தது யாருன்னு பதிவப் பாத்தியா? உன் பேருதான் இருக்கு. போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்ப பாஸ்வேர்டைப் போன்ல சொன்னியே, ஞாபகமிருக்கா? கத்தணும்னா கத்து. மாட்டப்போறது நீதான்."

அண்ணன் என்று நம்பிச் சொன்னாளே! அவன் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. விறுவிறுவென்று சுவரோரம் போய், இருந்த விளக்கு சுவிட்சுகளையெல்லாம் தட்டினாள்.

"எந்திரிங்க எல்லாரும்! நம்ம மாடலுக்கு விடைத்தாள ஊட்டியிருக்காங்க. தொண்ணூத்தாறு பொய்!"

நாற்பது பேர் கண் கூச எழுந்து உட்கார்ந்தார்கள். நிஜமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"லைட்ட அணைங்க அக்கா," என்றது ஒரு குரல். "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

ஜன்னலோரத்தில் ஒருத்தி போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கட்டில்காரன். பிறகு அந்த வரிசை முழுவதும்.